வரிசை முடியட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில், ஓயாத வேலைகளுக்கு நடுவே இரண்டு ஊசிகளில் நூலால் போடும் பின்னல், ஒரே கொக்கி ஊசியில் போடும் குரோஷா போன்ற கைவேலைகளுக்கு நேரம் ஒதுக்குவது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. பதில் எழுத மூன்று வாரமா என்று கேட்காதீர்கள். இந்தக் கடிதத்தின் முதல் பத்தியை அன்றே எழுதினேன்; இரண்டாவது பத்திக்கு வந்து சேரப் பத்து நாள் ஆயிற்று. தினமும் ஒரு மணி நேரம், யாரும் தொந்தரவு செய்யாத ஒரு மூலை, அணைத்துவைத்த கைபேசி என்று கட்டுரை மூன்று நிபந்தனைகள் சொல்லியிருந்தது. இந்த மூன்றும் ஒருசேர எனக்கு வாய்த்தது கடைசியாக எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். அம்மை போட்டுத் தனியறையில் கிடந்தபோது. அப்போது ஊசி பிடிக்கக் கையில் தெம்பில்லை.

கட்டுரையோடு ஒரு படமும் போட்டிருந்தீர்கள். ஜன்னலோர நாற்காலியில் ஒரு பெண், இரண்டு பின்னல் ஊசிகளைப் பெருக்கல் குறிபோலப் பிடித்துக்கொண்டு புன்னகைக்கிறார். ஊசிகளில் ஒரு கண்ணிகூட, அதாவது ஒரு நூல் வளையம்கூட, இல்லை. மடியில் நூல் உருண்டை. அதன் நுனி எங்கும் போகவில்லை. பின்னலே இல்லாத பின்னலுக்கு நேரம் ஒதுக்குவதில் என்ன சிரமம்?

நான் கணித ஆசிரியை. வயது 46. கணவருக்கு மாறி மாறி வரும் ஷிப்ட் வேலை. மகள் பத்தாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. மூட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மாமியார் எங்களோடு இருக்கிறார். பள்ளியிலிருந்து நான் திரும்பும்போது ஒரு கட்டு விடைத்தாளும் கூடவே வீட்டுக்கு வரும். இதற்கு மேல் என் நாளை விவரிக்கத் தேவையில்லை. உங்கள் வாசகர்களில் பலருக்கும் இதே நாள்தான். ஆனாலும் 19 வருடங்களாகப் பின்னிக்கொண்டிருக்கிறேன். இப்போது கைவசம் மூன்று வேலைகள் உள்ளன. கைப்பையில் ஒரு காலுறை, கூடத்தில் ஒரு குரோஷா போர்வை, அலமாரியின் மேல்தட்டில் யாரும் தொடக் கூடாத ஒரு லேஸ் சால்வை.

மூன்று எதற்கு என்றால், என் நாளில் வேலைகளுக்கு நடுவே மூன்று வகை நேர இடுக்குகள் இருக்கின்றன. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

காலுறையைக் கணக்காகவே சொல்கிறேன், எனக்கு அதுதான் வரும். பெரியவர் ஒருவருக்கு, மெல்லிய நூலில், சுற்றுக்கு 64 கண்ணி. கணுக்காலுக்கு மேலிருந்து விரல் நுனிவரை, குதிகாலையும் சேர்த்து, ஏறக்குறைய 160 சுற்று. பெருக்கினால் 10,240 கண்ணி. என் வேகம் நிமிடத்துக்கு 25. ஆக, ஒரு காலுக்கு ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கட்டுரை சொல்லும் தினசரி ஒரு மணி நேரம் கிடைத்தால் ஒரே வாரத்தில் முடித்துவிடலாம். கிடைக்காது. எனக்குக் கிடைப்பது பத்து நிமிடம். மாமியாரை இயன்முறைச் சிகிச்சைக்கு அழைத்துப்போய் வெளியே உட்கார்ந்திருக்கும்போது, மகளின் தனிவகுப்பு முடியக் காத்திருக்கும்போது, எரிவாயு இணைப்பு பற்றிப் புகார் சொல்லத் தொலைபேசியில் இசை கேட்டுக்கொண்டிருக்கும்போது. பத்து நிமிடத்தில் நான்கு சுற்று ஓடும். 160-ஐ நான்கால் வகுத்தால் 40 நாள், இரண்டு காலுக்கும் 80 நாள். வருடத்துக்கு நான்கு ஜோடி. மீதமுள்ள 45 நாளைக் காய்ச்சலுக்கும் தேர்வுத்தாள் திருத்தவும் வைத்துக்கொள்ளலாம். ஒதுக்காத நேரத்தில் நான்கு ஜோடிக் காலுறை. மூலையும் வேண்டாம், ஜன்னலும் வேண்டாம்.

இதில் ஒரு தொல்லை உண்டு. முதல் காலுறை முடிந்ததும் ஆர்வமும் முடிந்துவிடும். அதே 10,240-ஐ மறுபடியும் முதலிலிருந்து தொடங்க யாருக்கு மனம் வரும்? பின்னல்காரர்கள் இதை 'இரண்டாவது காலுறை நோய்' என்றே சொல்கிறார்கள். என் பெட்டியில் ஒற்றைக்கால் உறைகள் ஐந்து இருந்தன. இப்போது முதலாவதின் விரல் பகுதிக்கு வரும்போதே வேறொரு ஊசியில் இரண்டாவதற்கான 64 கண்ணியையும் ஏற்றிவிடுகிறேன். தொடங்கிவிட்ட ஒன்றைத் தொடர்வது, புதிதாகத் தொடங்குவதைவிட எனக்கு எளிது.

காலுறையின் அருமை, அதைப் பார்க்காமலே பின்னலாம் என்பதுதான். குதிகால் வரும்வரை சுற்றிச் சுற்றி ஒரே வகைக் கண்ணி. கண்ணும் காதும் வேறு வேலை பார்க்கலாம். இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஷெட்லாந்து தீவுகளில், முதுகுக்கூடையில் எரிபொருளாகக் கரியமண் கட்டிகளைச் சுமந்து நடக்கும்போதே பெண்கள் பின்னியிருக்கிறார்கள். இடுப்பில் கட்டும் தோல் பட்டையில் குதிரைமயிர் அடைத்த ஒரு திண்டு இருக்கும், அதில் துளைகள். ஊசியின் ஒரு முனையைத் துளையில் செருகிவிட்டால் அந்த ஊசியைக் கை தாங்க வேண்டியதில்லை. பிரான்சின் தென்மேற்கில் லாந்த் பகுதி இடையர்கள் சதுப்பு நிலத்தில் பொய்க்கால் கட்டி நின்று, ஆட்டையும் பார்த்துக்கொண்டு காலுறையும் பின்னினார்கள். அவர்களில் யாருக்கும் தினமும் ஒரு மணி நேரம் ஓய்வாகக் கிடைத்திருக்காது.

குரோஷா வேறு கதை. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து 'நூல் வேலை' என்று எழுதிவிடுகிறார்கள். நேரம் என்று வரும்போது இரண்டும் எதிரெதிர் சுபாவம் கொண்டவை. பின்னலில் ஒரு வரிசையின் அத்தனை கண்ணிகளும் ஊசியில் உயிரோடு தொங்கிக்கொண்டிருக்கும். ஊசி உருவினால் அத்தனையும் அநாதை. குரோஷாவில் எந்த நேரத்திலும் உயிரோடு இருப்பது கொக்கி ஊசியில் இருக்கும் ஒரே கண்ணி. முந்தையவை எல்லாம் முடிச்சாக முடிந்து அடங்கிவிட்டவை. மகன் சைக்கிளிலிருந்து விழுந்த சத்தம் கேட்டால், அந்த ஒரு கண்ணியைப் பெரிதாக இழுத்துவிட்டு ஓடலாம். திரும்பி வந்து நூலைச் சற்று இழுத்தால் விட்ட இடம் அப்படியே காத்திருக்கும். அதனால் வீட்டார் நடமாடும் கூடத்தில் குரோஷா மட்டும்தான். போர்வையைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் போடுகிறேன், ஒரு சதுரம் எனக்கு 20 நிமிடம். முடிந்ததை அடுக்கி வைத்துவிட்டால் வீடு தீப்பிடித்தால் ஒழிய அதற்கு ஒன்றும் ஆகாது.

ஒரே எச்சரிக்கை: புதிய வடிவக் குறிப்பை இரவு பதினொரு மணிக்கு மேல் படிக்காதீர்கள். அமெரிக்கர் 'டபுள் குரோஷா' என்று எழுதும் கண்ணி வகையைத்தான் பிரிட்டிஷ்காரர் 'ட்ரெபிள்' என்கிறார். பிரிட்டிஷ்காரரின் டபுள், அமெரிக்கருக்கு சிங்கிள். தூக்கக் கலக்கத்தில் ஒரு தொப்பியை இப்படித் தவறாகப் படித்து ஆரம்பித்து, காலையில் பார்த்தால் ஒரு பூசணிக்காய்க்குத்தான் பொருந்தும் போலிருந்தது. பிரித்தேன். குரோஷாவைப் பிரிப்பது மட்டும் சுகம். நூலை இழுத்தால் இரண்டு மணி நேர உழைப்பு இரண்டு நிமிடத்தில் கரைந்துவிடும்.

இனி சால்வை. இதற்கு எந்த இடுக்கும் பொருந்தாது. ஒரு வரிசைக்கு 183 கண்ணி. நூலைச் சுற்றி ஓட்டை விடுவதும், இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக எடுப்பதும் மாறி மாறி வரும். ஒன்று கூடும் இடத்தில் இன்னொன்று குறைய வேண்டும், இல்லாவிட்டால் கடைசியில் 182 நிற்கும், எங்கே தொலைந்தது என்று தெரியாது. எல்லோரும் படுத்த பிறகுதான் எடுப்பேன். சென்ற வருடம் ஒரு முறை பேராசைப்பட்டுச் சாயங்காலமே எடுத்தேன். கணவர் இரவு ஷிப்டுக்குக் கிளம்பியாயிற்று, மகன் விளையாடப் போயிருந்தான், அரை மணி நேரம் நிச்சயம் என்று கணக்குப் போட்டேன். வரிசையின் பாதியில் வாசல் மணி அடித்தது. எழுந்தேன். போய்ப் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் பின்வாசல் வழியாக மகன் வந்து, 'இது என்னம்மா வலை?' என்று ஒரு முனையைப் பிடித்துத் தூக்கியிருந்தான். ஊசி வழுக்கித் தரையில் விழுந்தது.

நான்கு கண்ணி ஊசியை விட்டு நழுவியிருந்தது. மூன்று அப்படியே வாய் பிளந்து நின்றன. மெல்ல ஊசியில் ஏற்றிவிட்டேன். நான்காவது ஓடிவிட்டது. பின்னல் தெரிந்தவர்களுக்கு அந்தக் காட்சி வயிற்றைக் கலக்கும்: ஒரு கண்ணி கீழே இறங்க, அதைப் பிடித்துக்கொண்டிருந்த கண்ணி அதற்கும் கீழே இறங்க, மேலே ஏணிப்படிபோல வெறும் நூல் கம்பிகள் மட்டும் நிற்கும். எண்ணினேன், 11 படி. சாதாரணப் பின்னலாக இருந்தால் கொக்கி ஊசியைக் கீழே கண்ணிக்குள் விட்டு, ஒவ்வொரு படியாகப் பிடித்து இழுத்து ஏறி வந்துவிடலாம், இரண்டு நிமிட வேலை. லேஸில் அந்த ஏணி நேராக நிற்காது. ஓர் ஓட்டையிலிருந்து பிறந்த கண்ணி பக்கத்துக் கண்ணியோடு சேர்ந்து முடிந்திருக்கும். ஒன்றைத் தொட்டால் பக்கத்திலிருப்பதும் அவிழும். அன்று யாரிடமும் கோபிக்கவில்லை. இரவு பதினொன்றுக்குச் சால்வையை வெள்ளைத் துண்டின் மேல் விரித்து, சுற்றிலும் குண்டூசி குத்தி, வடிவக் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மெல்லிய கொக்கியால் படி படியாக ஏற்றினேன். ஏழாவது படியில் எந்த நூல் எந்த வரிசையுடையது என்பது குழம்பி, மறுபடி இறக்கினேன். ஒன்றரை மணிக்கு முடிந்தது. இன்றைக்கும் அந்த இடம் எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

அதற்கு அடுத்த நாளிலிருந்து உயிர்நூல் போடாமல் லேஸ் பின்னுவதில்லை. ஒவ்வொரு 12 வரிசைக்கும், வேறு நிறத்தில் ஒரு மெல்லிய நூலைத் தையல் ஊசியில் கோத்து, 183 கண்ணிக்குள்ளும் ஓட்டிவிடுவேன். பூமியே புரண்டாலும் அந்த நூலுக்குக் கீழே அவிழாது. எட்டு நிமிடம் பிடிக்கும். கண்ணிகளுக்கு நடுவே அடையாளம் வைக்கும் வளையங்களும் தனியாக வாங்குவதில்லை, ஊக்குதான்.

அன்று மகனைத் திட்டவில்லை என்றாலும் வீட்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தேன். அம்மா கையில் ஊசி இருந்தால், 'வரிசை முடியட்டும்' என்று அம்மா சொன்னால், முடியும்வரை காத்திருக்க வேண்டும். ரத்தம், தீ, தண்ணீர் ஆகிய மூன்றுக்கு மட்டும் விலக்கு. மகனுக்கு இது விளையாட்டாகப் பிடித்துப்போய், பக்கத்தில் நின்று மிச்சக் கண்ணிகளை எண்ணத் தொடங்கினான். ஒன்பது வரைக்கும்தான் பொறுமை இருந்தது, ஆனாலும் எண்ணினான். மாமியார்தான் முதலில் எதிர்த்தார். அறுவைச் சிகிச்சை முடிந்து படுக்கையில் இருந்தவர், 'சும்மா பின்னிக்கொண்டுதானே இருக்கிறாய், அந்தக் கண்ணாடியை எடும்மா' என்றார். அந்தச் 'சும்மா' மூன்று நாள் என் காதில் இருந்தது. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும்போது அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. இரண்டிலும் என் கை ஓடுகிறது, கண் உழைக்கிறது. தாளில் இருப்பது வேலை, நூலில் இருப்பது சும்மா.

இந்தச் சண்டை என் வீட்டில் பிறந்ததும் இல்லை. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே ஜெர்சி என்று ஒரு தீவு. நாம் ஜெர்சி என்று மாட்டிக்கொள்ளும் உடைக்குப் பெயர் கொடுத்த இடம். அங்கே காலுறை பின்னி விற்பதில் அவ்வளவு வருமானம் வந்தது. வயலுக்குப் போக ஆளில்லாமல் போயிற்று. 1608இல் ஒரு சட்டம் போட்டார்கள்: அறுவடைக் காலத்திலும் உரத்துக்காகக் கடற்பாசி சேகரிக்கும் காலத்திலும் 15 வயதுக்கு மேற்பட்டவர்கள் பின்னக் கூடாது. மீறினால் சிறை. ஆண்களும் பின்னிய ஊர் அது. மகளுக்கு இதைப் படித்துக் காட்டினேன். 'பார், பின்னலை வேலையாக மதித்துத் தடை செய்திருக்கிறார்கள்' என்றேன். அவள், 'அம்மா, அவர்களும் உன்னைப் போலவே அடுத்த வேலைக்குக் கூப்பிட்டால் எழுந்திருக்கவில்லை போலிருக்கிறது' என்றாள்.

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. அதை எழுதாமல் இந்தக் கடிதத்தை அனுப்பினால் நானும் படத்தில் இருக்கும் பெண்தான்.

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம், நான் காலுறையோடு உட்கார்ந்திருந்தபோது மகள் வந்து நின்றாள். வழக்கம்போல, 'வரிசை முடியட்டும்' என்றேன். காலுறையில் வரிசையே கிடையாது. சுற்று, முடிவே இல்லாமல் சுருளாகப் போய்க்கொண்டிருப்பது. அவள் கொஞ்ச நேரம் நின்றாள். நான் ஒரு சுற்று முடித்து, அடுத்த ஊசிக்குப் போய், இன்னும் ஒரு சுற்று முடித்து நிமிர்ந்தபோது அவள் இல்லை. அறைக்குப் போய்க் கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். என்ன சொல்ல வந்தாள் என்பது பத்து நாளைக்குப் பிறகு அவளுடைய அப்பா வழியாகத்தான் எனக்குத் தெரிந்தது. வகுப்பில் அவளை ஒதுக்கிவைத்த தோழிகள் பற்றியது. பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் அன்று அவளுக்கு அது பெரிது.

லேஸ் சால்வையில் வரிசையின் நடுவே நிறுத்தினால் கணக்கு மறந்துபோகும் என்பது உண்மை. காலுறையில் அது பொய். எந்தக் கண்ணியிலும் நிறுத்தலாம், ஒன்றும் ஆகாது. ஒரு வாரம் அப்படியே போட்டுவைத்தால் அந்த இடத்தில் கண்ணி கொஞ்சம் தளர்ந்து தெரியும், அவ்வளவுதான். தண்ணீரில் நனைத்து விரித்தால் அதுவும் போய்விடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சட்டத்தை நீட்டிக்கொண்டேன். 'வரிசை' என்ற சொல்லைக் கேட்டால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்பதால், எழுந்திருக்க மனமில்லாதபோதெல்லாம் அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். இப்போது சட்டம் சால்வைக்கு மட்டும். காலுறையும் குரோஷாவும் கையில் இருக்கும்போது யார் கூப்பிட்டாலும் கை நிற்கும். மகள் இன்னும் சில நேரம் என் கையைப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறாள்.

பள்ளியில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அங்கே தவறு என் பக்கம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. இரண்டு மணி நேரம் நீண்ட ஓர் ஆசிரியர் கூட்டம். மேசைக்குக் கீழே மடியில் வைத்துக் காலுறை பின்னிக்கொண்டிருந்தேன். பேசியதை எல்லாம் கேட்டேன். கூட்டக் குறிப்பில் விட்டுப்போன இரண்டு தேதிகளைச் சுட்டிக்காட்டியதும் நான்தான். கூட்டத்தின் முடிவில், 'இது உங்கள் வீட்டுத் திண்ணை இல்லை, டீச்சர்' என்றார் பொறுப்பில் இருந்தவர். என் வலப்பக்கம் ஒருவர் கைபேசியில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார், இடப்பக்கம் ஒருவர் பூ வரைந்துகொண்டிருந்தார். அவர்கள் தலை நிமிர்ந்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பிரிட்டனின் டைவிங் வீரர் டாம் டேலி, தங்கப் பதக்கம் வாங்கியவர், பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்ததை உலகமே படம்பிடித்துப் பாராட்டியது. பதக்கத்தில் கீறல் விழாமலிருக்க அவரே ஓர் உறையும் பின்னினார். அவருக்கு வாழ்த்துகள். அடுத்த கூட்டத்துக்கு நான் ஊசியைக் கொண்டுபோகவில்லை. பூ வரையக் கற்றுக்கொண்டேன், அதில் எனக்குத் திறமை இல்லை.

கட்டுரையில் இன்னும் இரண்டு விஷயம் உறுத்தியது. ஒன்று, பின்னல் மனஅழுத்தத்தைக் குறைக்கும், ஆகவே செய்யுங்கள் என்பது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில் 3,500-க்கும் மேற்பட்ட பின்னல்காரர்களிடம் கேட்டதில், அடிக்கடி பின்னுகிறவர்கள் அமைதியாக உணர்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். சரி. கேட்கப்பட்டவர்கள் எல்லோரும் பின்னலை விரும்பி ஏற்கெனவே பின்னிக்கொண்டிருப்பவர்கள். வெறுத்துப்போய் ஊசியைத் தூக்கிப் போட்டவர்களிடம் யார் கேட்டார்கள்? என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்கூட இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். ஏழாவது படியில் நூல் குழம்பிய இரவில் என் ரத்த அழுத்தத்தை யாராவது அளந்திருக்க வேண்டும். நான் பின்னுவது நூல் கையில் ஓடுவது பிடித்திருப்பதால். மருந்தாக எழுதிக்கொடுத்தால் அதற்கும் நேரம் தவறாமை, அளவு, குற்றவுணர்வு எல்லாம் வந்து சேர்ந்துவிடும்.

மற்றது, 'உங்கள் பொழுதுபோக்கை வருமானமாக மாற்றுங்கள்' என்ற கடைசிப் பத்தி. 14 மணி நேரம் பிடிக்கும் ஒரு ஜோடிக் காலுறையை, இயந்திரம் நிமிடக் கணக்கில் பின்னித் தள்ளும் காலுறையோடு எந்த விலையில் வைத்து விற்பது? இங்கிலாந்தின் வில்லியம் லீ 1589இலேயே காலுறை பின்னும் இயந்திரத்தைச் செய்துவிட்டார். கைப்பின்னல்காரர்களின் பிழைப்பைக் கெடுத்துவிடுமென்று எலிசபெத் அரசி அதற்குக் காப்புரிமை கொடுக்கவில்லை என்பார்கள். இயந்திரம் எப்படியும் வந்துவிட்டது. குரோஷாவுக்கு அந்தக் கதியும் இன்னும் வரவில்லை. தொழிற்சாலை அளவில் குரோஷா போடும் இயந்திரம் இல்லை. அங்காடியில் மலிவாகத் தொங்கும் அசல் குரோஷா சட்டையைப் பார்த்தால் அதன் பின்னால் யாரோ ஒருவருடைய பத்துப் பதினைந்து மணி நேரம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, 'இதே மாதிரி எனக்கும் ஒன்று போட்டுத் தாயேன், நீ சும்மா இருக்கும்போது' என்று கேட்பவர்கள் என் உறவில் ஏழு பேர். முன்பெல்லாம் மறுக்கத் தெரியாமல் தலையாட்டுவேன். பிறக்கப்போகும் குழந்தைக்கென்று தொடங்கிய ஒரு மேல்சட்டை முடிந்தபோது, அந்தக் குழந்தை நடந்து வந்து அதைத் தன் கையாலேயே வாங்கிக்கொண்டது. இப்போது யார் கேட்டாலும், நூலையும் ஊசியையும் கொடுத்து உட்காரச் சொல்கிறேன். இதுவரை உட்கார்ந்தவர் ஒரே ஒருவர், என் மாமியார்.

ஆமாம். மூட்டு ஆறிக்கொண்டிருந்த நாட்களில் அவருக்கும் பொழுது போகவில்லை. குரோஷாவில் முதல் பாடமான, கண்ணிக்குள் கண்ணியாகக் கோத்துப் போகும் சங்கிலி போடச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு வாரம் சங்கிலி மட்டும் போட்டார். கட்டிலைச் சுற்றி இரண்டு முறை வரும் நீளம். அப்புறம் சதுரம் வந்தது. ஒரு நாள் நான் விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்டதற்கு, நிமிராமலே, 'இந்த மூலை முடியட்டும்' என்றார். நான் காத்திருந்தேன். 'அத்தை, சும்மா இருக்கும்போது போடக் கூடாதா?' என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

இப்போது கூடத்துப் போர்வையில் பாதிச் சதுரங்கள் அவருடையவை. அவருடைய கண்ணி இறுக்கம், என்னுடையது தளர்வு. ஒரே ஊசி, ஒரே நூல், ஆனாலும் அவருடைய சதுரம் என்னுடையதைவிட ஒரு விரற்கடை சிறியது. ஒரு நம்பர் பெரிய ஊசியை அவரிடம் கொடுத்துப் பார்த்தேன், 'இது கையில் நிற்கவில்லை' என்று திருப்பிவிட்டார். அதனால் நான் ஒரு நம்பர் சின்ன ஊசிக்கு மாறிவிட்டேன்.

அகலத்துக்கு எட்டு, நீளத்துக்குப் பன்னிரண்டு என 96 சதுரம் ஆகிவிட்டது. போர்வை முடிந்துவிட்டதா என்று கேட்பீர்கள். ஒவ்வொரு சதுரத்திலும் நான்கு சுற்று, நான்கு நிறம். ஒவ்வொரு நிறமும் தொடங்கும் இடத்தில் ஒரு நூல் வால், முடியும் இடத்தில் ஒரு வால். சதுரத்துக்கு எட்டு, 96 சதுரத்துக்கு 768. ஒவ்வொரு வாலையும் தையல் ஊசியில் கோத்து, கண்ணிகளுக்குள்ளே முன்னும் பின்னும் ஓட்டி மறைத்து, ஒட்ட வெட்ட வேண்டும். பத்திரமாக மறைக்காமல் வெட்டினால் முதல் துவையலிலேயே வெளியே வந்துவிடும். ஒரு வாலுக்கு ஒரு நிமிடம் என்றால் கிட்டத்தட்ட 13 மணி நேரம். போடும்போதே அவ்வப்போது மறைத்திருக்க வேண்டும். எல்லோரும் சொல்வார்கள், நானும் மற்றவர்களுக்குச் சொல்வேன். இந்த வேலைக்கு மட்டும் எனக்கு இதுவரை எந்த இடுக்கும் அகப்படவில்லை. மூன்று மாதமாகப் போர்வை கூடத்தில் கிடக்கிறது, உள்பக்கம் முழுக்க மயிர் முளைத்ததுபோல. மகன் அதற்குள் நுழைந்துகொண்டு கரடி என்கிறான்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் ஆசிரியர் கூட்டம் பற்றிய பத்தியை வெட்டிவிடுங்கள். காலுறையில் வரிசையே கிடையாது என்று நான் ஒத்துக்கொண்ட பத்தியை மட்டும் வெட்டாதீர்கள், மகள் படிக்க வேண்டும். அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரைக்குப் படம் தேவைப்பட்டால் சொல்லுங்கள். போர்வையை உள்பக்கம் வெளியே தெரியப் புரட்டிப் போட்டு எடுத்துத் தருகிறேன். வால்கள் அப்படியேதான் இருக்கும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு கணித ஆசிரியை